அம்மாவின் வளையலும் 120 ரூபாய் அடாப்டரும்

"ரெண்டு பேட்டரியும் அவ்வளவுதான் மாமா. மாத்திடுங்க. இதுக்கு மேல வச்சிருந்தா இன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுத்துடும்."

எங்கள் ஊரில் சோலார் மாட்டிக்கொடுக்கும் அண்ணன் சொல்லிவிட்டுப் போனதை அப்பா போனில் அப்படியே ஒப்பித்தார். பழசைக் கொடுத்தது போக, புது பேட்டரி இரண்டுக்கும் 34,000 ரூபாய். பணத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"வளையல் சும்மாதானே கெடக்கு. கூட்டுறவு பேங்க்ல வச்சா வட்டியும் கம்மி" என்றார் அம்மா.

அந்த வளையல் சும்மா கிடந்ததே இல்லை. என் டிப்ளமோ ஃபீஸுக்கு ஒருமுறை, கஜா புயலுக்குப் பிறகு கொட்டகைக்குக் கூரை போட ஒருமுறை, 2022-ல் இதே பேட்டரிகளை வாங்க ஒருமுறை. அம்மா கையில் இருந்த நாளைவிட அது பேங்க்கில் இருந்த நாள்தான் அதிகம். போன முறை அடகு வைத்து வாங்கிய பேட்டரிக்காகவே மறுபடியும் அடகா என்று எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது தென்னை மரங்களோடு கரண்ட் கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடியும் கரண்ட் வர 23 நாள்கள் ஆயின. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இரண்டு மோட்டார் மெஷின் போட்டு அம்மா ப்ளவுஸும் பாவாடை தாவணியும் தைப்பார். அந்த 23 நாளும் பழைய மிதி மெஷினில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைத்தார். அதைப் பார்த்துத்தான் மறுவருஷம் அப்பா கொட்டகைக்கு மட்டும் தனியாக சோலார் வைத்தார். 330 வாட் பேனல் இரண்டு, சுவரில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரி இரண்டு, ஓர் இன்வெர்ட்டர். இபி லைனுக்கும் அந்தக் கொட்டகைக்கும் சம்பந்தமே கிடையாது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வீட்டு இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டினால் கேள்வி வரும் என்று அப்பாவுக்குப் பயம். அவர் பயம் அவருக்கு.

ஆரம்பத்தில் இரவு 10 மணி, 11 மணி வரைக்கும் மெஷின் ஓடியது. பிறகு 9 மணி. இப்போது 8 மணிக்கே இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்துவிடுகிறது. ஆவணி முகூர்த்த ஆர்டர் மூட்டையாகக் குவிந்திருந்த நேரம் வேறு.

எனக்கு வேலை டிஜிட்டல் டெஸ்க்கில். தேர்தல் முடிவு, பரீட்சை ரிசல்ட், மழை அளவு என்று எதைக் கொடுத்தாலும் எக்ஸெல்லில் போட்டு கிராஃப் வரைவதில் பாதி நாள் போகும். அந்தப் பழக்கத்தில்தான் அப்பாவிடம் கேட்டேன். "பேட்டரி போச்சுன்னு எதை வச்சுப்பா சொல்றாங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு சார்ஜ் ஏறுது, எவ்வளவு இறங்குதுன்னு கணக்கு இருக்கா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க கேபிள் இருந்தாத்தான் எடுக்க முடியுமாம். 2,800 ரூபாயாம். ஆர்டர் போட்டா பதினைஞ்சு நாளாம்."

ஒரு கேபிளுக்கு 2,800 ரூபாயா? அங்கேதான் தொடங்கியது என் ஆராய்ச்சி.

எங்கள் கன்ட்ரோலர் இபிஎவர் டிரேசர் வகை. ஆன்லைனில் சுலபமாகக் கிடைப்பது. முன்பக்கம் சின்னத் திரை இருக்கும், இந்த நொடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். அந்த நொடியில் மட்டும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன நடந்தது என்று தெரிய ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அதன் அடியில் ஒரு சதுர ஓட்டை இருக்கிறது. அச்சு அசலாக நம் மோடத்தில் இருக்கும் லேன் ஓட்டை போலவே. கம்ப்யூட்டரோடு பேச அதுதான் வாசல்.

லேன் ஓட்டைதானே என்று யாரும் லேன் கேபிளை எடுத்து நேராக லேப்டாப்பில் சொருகிவிடாதீர்கள். உருவம்தான் ஒன்று. உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் முதல் இரண்டில் 5 வோல்ட் கரண்ட் வருகிறது. மூன்றும் நான்கும் 'பி', ஐந்தும் ஆறும் 'ஏ', கடைசி இரண்டும் கிரவுண்ட். இது எங்கள் வகை கன்ட்ரோலருக்கான கணக்கு. வேறு கம்பெனி என்றால் வேறு கணக்கு, அதன் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான் கையேட்டைப் பார்க்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், "ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் லேன் முனை இருக்கிற கேபிள் வேணும்" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு நொடியும் யோசிக்காமல் நீல நிறத் தட்டைக் கேபிள் ஒன்றை எடுத்துப் போட்டார். 350 ரூபாய். 2,800 எங்கே, 350 எங்கே என்று பெருமையாக வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை முழுக்கக் கொட்டகையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் கேட்கிறது, கன்ட்ரோலர் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப 'டைம்அவுட்'. அம்மா மெஷினை நிறுத்தாமலேயே, "ஏண்டி, அது என்ன சொல்லுது?" என்று கேட்டார். ஒன்றுமே சொல்லவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

மத்தியானம் ஆபீஸில் சர்வர் பார்க்கும் நண்பனுக்கு கேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் வாங்கியது பெரிய கம்பெனிகளில் நெட்வொர்க் பெட்டிகளை செட் பண்ணும் கன்சோல் கேபிள். அது பேசும் பாஷை ஆர்எஸ்-232. கன்ட்ரோலர் பேசுவது ஆர்எஸ்-485. ஓட்டை ஒன்றுதான், பாஷை வேறு, கம்பி வரிசையும் வேறு. "போர்ட் எரியாம தப்பிச்சதே பெரிசு. கழட்டு முதல்ல" என்றான்.

அந்த வாரம் தோல்வியோடு சென்னை திரும்பினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்ணாம் தேதிக்குள்ள பேட்டரி சொல்லிடணும், அட்வான்ஸ் கேக்குறாரு" என்று மட்டும் சொன்னார்.

இந்த இரண்டு பாஷைக்கும் என்ன வித்தியாசம் என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஆர்எஸ்-232-ல் ஒரு கம்பியின் வோல்ட்டேஜை கிரவுண்டோடு ஒப்பிட்டு 0 அல்லது 1 என்று படிக்கிறார்கள். ஆர்எஸ்-485-ல் ஏ, பி என்று இரண்டு கம்பிகள். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் படிக்கிறார்கள். பக்கத்தில் மோட்டார் ஓடி இரைச்சல் கலந்தாலும் அது இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரிக் கலக்கும், வித்தியாசம் மாறாது. யுஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டினாலே திணறும். ஆர்எஸ்-485-ஐ 1,200 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம், கொட்டகையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்தால் போதும்.

அந்தக் கம்பி வழியே நடக்கும் உரையாடலுக்கு மோட்பஸ் என்று பெயர். 1979-ல் தொழிற்சாலை மெஷின்களுக்காக உருவாக்கியது, இன்றும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்கு உரியவன் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்வான். கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. இங்கே வாத்தியார் கம்ப்யூட்டர், எங்கள் கன்ட்ரோலர் 1-ம் எண் மாணவன். "1-ம் எண், உன் 3104-ம் பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "2840" என்று பதில் வரும். 100-ஆல் வகுத்தால் 28.40 வோல்ட். அதுதான் பேட்டரி வோல்ட்டேஜ். பேனலின் வோல்ட்டேஜ் 3100-ம் பெட்டியில். ரகசியம் ஒன்றும் இல்லை, தயாரித்தவர்களே வெளியிட்ட பட்டியல்தான்.

மறுபடியும் ரிச்சி தெரு. இந்த முறை, "யுஎஸ்பி டு ஆர்எஸ்-485 அடாப்டர்" என்று பெயர் சொல்லிக் கேட்டேன். கட்டை விரல் அளவு சர்க்யூட் போர்டு ஒன்றைக் கொடுத்தார். ஒரு பக்கம் யுஎஸ்பி முனை, மறுபக்கம் ஏ, பி என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூ. 120 ரூபாய்.

இதே அடாப்டர் பல விலைகளில் இருக்கிறது. வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பில். 120 ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலும் சிஎச்340 என்ற சீன சிப் இருக்கும். விண்டோஸ் 10, 11-ல் சொருகினால் பெரும்பாலும் தானாகவே டிரைவர் பிடித்துக்கொள்ளும். எஃப்டிடிஐ சிப் உள்ளவை விலை கூடுதல், பெயர் பெற்றவை. அதனாலேயே போலிகளும் ஏராளம். 2014-ல் அந்த நிறுவனத்தின் புது டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, போலி சிப் வைத்த கேபிள்கள் பலருடைய மேஜையில் திடீரென்று செத்துப்போயின. பெரிய சண்டையானது, பிறகு அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். பெரிய பெயரை ஒட்டிய போலியைவிட, பெயரில்லாத அசல் சிஎச்340 எனக்குப் போதும்.

வீட்டில் கிடந்த பழைய லேன் கேபிளின் ஒரு முனையை வெட்டினேன். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள், ஜடை பின்னியதுபோல முறுக்கிக்கொண்டு இருக்கும். வழக்கமான வரிசையில் கட்டிய கேபிள் என்றால் நீலம் 4-ம் கம்பி, வெள்ளை-நீலம் 5-ம் கம்பி. அதாவது பியும் ஏயும் ஒரே ஜோடியிலேயே வந்துவிடுகின்றன. அந்த இரண்டை மட்டும் உரித்து ஸ்க்ரூவில் முடுக்கினேன். மற்ற கம்பிகளை, முக்கியமாக 5 வோல்ட் வரும் ஆரஞ்சு ஜோடியை, ஒவ்வொன்றாக இன்சுலேஷன் டேப் சுற்றி மடக்கிவிட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் நண்பன் சொல்லியிருந்தான். மலிவு அடாப்டர்களில் பெரும்பாலும் சோலார் பக்கத்தையும் கம்ப்யூட்டர் பக்கத்தையும் பிரித்துவைக்கும் 'ஐசொலேஷன்' இருக்காது. அது உள்ள அடாப்டருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகும். இல்லாததை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதன் சொந்த பேட்டரியில் மட்டும் ஓட்டச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். முதல் தப்பில் வந்த பயம் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை காலை 11 மணி. சொருகினேன். அடாப்டரில் சின்ன சிவப்பு விளக்கு மின்னியது. கம்ப்யூட்டரில், டைம்அவுட்.

அழுகையே வந்துவிட்டது. நண்பனுக்குப் போன் போட்டேன். "ரெண்டு கம்பியையும் மாத்திப் போட்டுப் பாரு" என்றான். சில கம்பெனிகள் ஏ என்று எழுதுவதை மற்ற கம்பெனிகள் பி என்று எழுதுவார்களாம். மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, பேச்சு வராது, அவ்வளவுதான். மாற்றினேன்.

28.37.

திரையில் அந்த எண் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "இதுக்கா இவ்வளவு கூப்பாடு? இதைத்தான் அந்தப் பொட்டியே காட்டுதே" என்றார். நியாயமான கேள்விதான்.

நண்பன் எழுதிக்கொடுத்த 20 வரி பைத்தான் புரோகிராம், நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக் கேட்டு எக்ஸெல்லில் திறக்கும்படி எழுதிவைத்தது. சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல 8 மணிக்கு இன்வெர்ட்டர் கத்தும்வரை அம்மா தைத்தார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. காலியான பேட்டரி, நல்ல வெயில், வேறு எந்தச் செலவும் கிடையாது. சோதனைக்கு இதைவிட நல்ல நாள் அமையாது.

சாயங்காலம் கிராஃப் போட்டேன். காலை 7 மணிக்கு மெதுவாக ஏறத் தொடங்கிய கரண்ட், 10 மணிக்கு 15 ஆம்பியரைத் தொட்டது. 10.45-க்கு பேட்டரி வோல்ட்டேஜ் 28.4 ஆனது. அங்கே கன்ட்ரோலர், 'போதும், இனி இந்த வோல்ட்டேஜைத் தாண்டக் கூடாது' என்று கரண்ட்டைக் குறைக்க ஆரம்பித்தது. 12 ஆம்பியர், 9, 6. மிகச் சரியாக 2 மணி நேரம் கழித்து 12.45-க்கு, 'பேட்டரி நிறைஞ்சாச்சு' என்று முடிவு செய்து 27.6-க்கு இறங்கி ஃப்ளோட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒன்றிரண்டு ஆம்பியர்தான்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மணிக்கு, 660 வாட் பேனல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ராத்திரியே காலியான பேட்டரி எப்படி மத்தியானத்துக்குள் நிறையும்?

அப்பா மல்டிமீட்டரை எடுத்து வந்தார். கூரை போட்ட காலத்திலிருந்து வீட்டில் கிடப்பது. திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, கம்ப்யூட்டரில் கன்ட்ரோலர் 28.4 என்று சொல்லும் அதே நேரத்தில், அப்பா பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துக் கத்தினார். "27.3!"

ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கே போயிற்று?

கன்ட்ரோலர் கொட்டகைச் சுவரில். பேட்டரி, ஆசிட் வாடை வரும் என்பதால் வெளியே தாழ்வாரத்தில். நடுவில் 5 மீட்டர். அந்த 5 மீட்டருக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். போக 5, வர 5 என்று 10 மீட்டர். அந்த கனத்துச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0074 ஓம் மின்தடை. 10 மீட்டருக்கு 0.074. 15 ஆம்பியரால் பெருக்கினால் 1.1 வோல்ட். கணக்குப் போட்ட தாளை அப்பாவிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்டூர்ல தொறந்துவிட்டாச்சுன்னு டிவில சொல்லுவான். இங்க கடைமடைல வாய்க்கால் காஞ்சு கெடக்கும். அதே கதைதான் இது" என்றார்.

கல்லணைக் கால்வாயின் வால் பகுதிக்காரருக்கு வோல்ட்டேஜ் டிராப்பை விளக்க நான் யார்? தலைமடையில் கன்ட்ரோலர் 28.4 என்று பார்த்துவிட்டு நிறைந்துவிட்டதாக நினைக்கிறது. கடைமடையில் பேட்டரி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. தினமும் அரை வயிறு. ஈய பேட்டரி இப்படி மாதக்கணக்கில் அரை வயிற்றில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். முதல் ஜோடி பேட்டரி 3 வருஷத்தில் போனதற்கும் இதே ஒயர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்த கேபிள் காட்டிக்கொடுத்தது. கன்ட்ரோலரின் செட்டிங்கில் பேட்டரி வகை 'ஜெல்' என்று இருந்தது. எங்களுடையது தண்ணீர் ஊற்றும் ட்யூபுலர், அதாவது 'ஃப்ளடட்'. 24 வோல்ட் கணக்கில் ஜெல்லுக்கு 28.4 வோல்ட்டோடு நின்றுவிடும். ஃப்ளடட் என்றால் 29.2 வரை ஏற்றும், அவ்வப்போது 29.6-க்கு ஏற்றி எல்லா செல்லையும் சமப்படுத்தவும் செய்யும். முன்பக்க பட்டனிலேயே மாற்றியிருக்கலாம். ஆனால் எது இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாரும் பார்க்கவில்லை.

சோலார் அண்ணனுக்குப் போன் செய்தோம். எனக்குள் சண்டைக்கான வசனமெல்லாம் தயாராக இருந்தது. அவர் வந்தார், கிராஃபைப் பார்த்தார், மீட்டரைத் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"புயலுக்கப்புறம் ஒயரே கெடைக்கல பாப்பா. ஒரே நேரத்துல இருபது வீடு. இருந்ததைப் போட்டேன். அப்புறம் மாத்தணும்னுதான் நெனச்சேன்" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஒயர் நான் போட்டுத்தர்றேன் மாமா, கூலி வேணாம்" என்றார். என் வசனமெல்லாம் வீணாய்ப்போனது. மாமா, பாப்பா என்று கூப்பிடுபவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்பதற்கு எங்கள் டிப்ளமோவில் பாடம் இல்லை.

10 ஸ்கொயர் எம்எம் ஒயர் 10 மீட்டரும் லக்கும் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. மாற்றியதும் 15 ஆம்பியர் ஓடும்போதே கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் 0.3 வோல்ட்தான் வித்தியாசம். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, ஃப்ளடட் செட்டிங்கில் சார்ஜ் ஏற்றினோம். அன்று மத்தியானம் 3 மணிக்கும் பேனல் வேலை பார்த்தது.

பேட்டரி புதிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஹைட்ரோமீட்டரில் 1.180 காட்டிய செல்கள் 10 நாளில் 1.230-க்கு வந்தன. நல்ல ட்யூபுலரில் 1.240 சுற்றி இருக்க வேண்டும். இரண்டாவது பேட்டரியில் ஒரு செல் 1.210-ஐத் தாண்ட மறுக்கிறது. படிந்து இறுகியது எல்லாம் கரையாது. அண்ணன் ஒன்றரை, இரண்டு வருஷம் ஓடும் என்கிறார். ஆனால் 8 மணிக்குக் கத்திக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் இப்போது 10.15 வரை வாயைத் திறப்பதில்லை. ஆவணி ஆர்டர் முழுக்கக் கொடுத்தாயிற்று. வளையல் இன்னும் அம்மா கையில்தான் இருக்கிறது. துணி வெட்டும்போது அது மேஜையில் இடிக்கிறது என்று புலம்பல் வேறு.

எங்களுடையது பழைய பாணி, தனித்து நிற்கும் சோலார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், இபி லைனோடு சேர்த்து மாட்டிய பேனல்கள் இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் வந்துவிட்டன. அவற்றில் கேபிளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வைஃபை குச்சி ஒன்று சொருகியிருக்கிறது, கணக்கு போன் ஆப்பில் வந்துவிடும். ஆனால் ஒரு வீட்டில் பார்த்தேன், ஆப்பின் பாஸ்வேர்டு மாட்டியவரிடமே இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தன் கூரையில் எவ்வளவு விளைகிறது என்று தெரியவில்லை. மாட்டும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பேட்டரி வைத்த சிஸ்டம் இருப்பவர்கள் அடாப்டர் வாங்கப் போகும் முன், பெட்டியின் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அது பேசுவது ஆர்எஸ்-485-ஆ, 232-ஆ என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். விக்ட்ரான் கன்ட்ரோலர்களுக்கு நான்கு முள் கொண்ட வேறொரு சின்ன சாக்கெட், அதற்கு இந்த அடாப்டர் ஆகாது. லேப்டாப் இல்லாதவர்கள் ஓடிஜி முனை போட்டு ஆண்ட்ராய்டு போனிலேயே படிக்கலாம், சிஎச்340-ஐப் புரிந்துகொள்ளும் ஆப்கள் இருக்கின்றன. நீல கன்சோல் கேபிள் என் டிராயரில் சும்மா இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

போன வாரம் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில் போன். சோலார் அண்ணன். நான் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த அடாப்டரை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, புயலுக்குப் பிறகு மாட்டிய இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறார். பையனின் லேப்டாப்பும் கையுமாக நிற்கிறார்.

"பாப்பா, என்னமோ டைம்அவுட்னு வருது."

"அந்த நீலக் கம்பியையும் வெள்ளை-நீலத்தையும் மாத்திப் போடுங்க அண்ணே."

ஸ்க்ரூ டிரைவர் உருளும் சத்தம் கேட்டது. யாரோ டார்ச் பிடிக்கச் சொல்லித் திட்டு வாங்கினார்கள்.

"வந்துருச்சு. 28.4-னு காட்டுது. இரு பாப்பா, லைன்லயே இரு, பேட்டரில மீட்டர் வச்சுப் பார்த்துட்டு வர்றேன்."